சேஸிஸ் துருவுக்கு எந்தப் பூச்சு? பழவேற்காடு பகுதியில் வண்டி வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

அதிகாலையில் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி நோக்கி வரும் குட்டி யானைகளையும் லோடு ஆட்டோக்களையும் கவனித்துப் பாருங்கள். நண்டும் இறாலும் ஏற்றிய ஐஸ் பெட்டிகளின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். அந்தத் தண்ணீர் சாலையில் விழுவதற்கு முன்னால் வண்டியின் சேஸிஸ் மேல் விழுகிறது. அதே வண்டிதான் மதியம் நெல் மூட்டையையோ, உர மூட்டையையோ, இறால் பண்ணைக்குத் தீவனத்தையோ ஏற்றிக்கொண்டு போகிறது. மாதத் தவணை கட்ட வேண்டிய வண்டி. நான்கைந்து வருடத்தில் அதன் சேஸிஸ் அரித்துப்போனால் நஷ்டம் வண்டிக்காரருக்கு மட்டுமல்ல. பாரத்தோடு போகும்போது சட்டம் முறிந்தால் உயிருக்கே ஆபத்து.

"துரு நிற்க என்ன அடிக்கலாம்?" என்று கேட்டால், கடைக்காரர் ஒன்று சொல்வார், பட்டறைக்காரர் ஒன்று சொல்வார். பயிருக்கு என்ன நோய் என்று பார்க்காமல் மருந்து அடித்தால் என்ன ஆகும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். துருவுக்கும் அதே கதைதான். துரு எந்த நிலையில் இருக்கிறது, உப்பு கழுவப்பட்டதா என்ற இரண்டையும் பார்க்காமல் பூசினால், விலை உயர்ந்த பூச்சும் வீண். சில பூச்சுகள் துருவை மறைத்துவைத்து வளர்த்தும் விடும்.

ஏரிக்கரையில் துரு ஏன் வேகமாகப் பிடிக்கிறது?

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். அதோடு உப்பும் சேர்ந்தால் வேகம் பல மடங்கு கூடும். பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் வங்கக்கடல். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அதில் உப்பு இருக்கும்.

உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீர்த்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீர்க்கத் தொடங்கிவிடும். அதனால் மழையே பெய்யாத மாசி மாதத்திலும், உப்பு படிந்த சேஸிஸ் இரவெல்லாம் ஈரமாகவே இருக்கும். மேலே காய்ந்திருப்பது போலத் தெரிந்தாலும் அடியில் துரு வேலை செய்துகொண்டிருக்கும்.

உர மூட்டை ஏற்றுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் பொட்டாஷ் என்று சொல்லும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷும் ஒரு குளோரைடு உப்புதான். மூட்டையிலிருந்து சிந்தி, டிரெய்லரின் மூலையில் தங்கும் பொட்டாஷ், கடல் உப்பைப் போலவே இரும்பை அரிக்கும்.

உப்புக்காற்று அரிப்பைத் தனியாக ஆராயும் அளவுக்கு இது பெரிய பிரச்சினை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிமானத்தை ஆராய மண்டபம் கடற்கரையில் ஒரு மையமே வைத்திருக்கிறது.

முதலில் துருவின் நிலையைப் பாருங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகே போங்கள். பட்டறையில் பிட் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு டார்ச், ஒரு சிறு சுத்தியல், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும்.

முதல் நிலை மேல் துரு. ஆரஞ்சு நிறத்தில் தூள் போல இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய், உள்ளே பளபளப்பான இரும்பு தெரியும்.

இரண்டாம் நிலை செதில் துரு. பழுப்பும் கறுப்புமாகத் தடித்து, சுத்தியலால் தட்டினால் தகடு தகடாக உதிரும். தேய்த்த பிறகு இரும்பின் முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருக்கும். அந்தக் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும்.

மூன்றாம் நிலை ஓட்டை. தட்டும்போது நல்ல இரும்பு "டங்" என்று ஒலிக்கும். அரித்த இரும்பு "டொப்" என்று செத்த ஒலி தரும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் உள்ளே போகும்.

பட்டைக் கட்டைகள் மாட்டியிருக்கும் பிராக்கெட், குறுக்குச் சட்டம் சேரும் மூலை, இரண்டு தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ரிவெட் அடித்த இடம், ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே உள்ள பகுதி ஆகியவற்றை முதலில் பாருங்கள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவில் துரு ஏறினால் தகடுகளைப் பிளந்து தள்ளிவிடும். ரிவெட் அடித்த இடம் உப்பியிருந்தால் உள்ளே துரு வளர்ந்திருக்கிறது என்று பொருள்.

எந்த நிலைக்கு எந்தப் பூச்சு?

மேல் துருவுக்கு: நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, கம்பி பிரஷ் அல்லது உப்புத்தாள் கொண்டு இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். பிறகு பிரைமர், அதன் மேல் பெயின்ட். நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பது ரெட் ஆக்சைடு. விலை குறைவு, ஊருக்குள் இருக்கும் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் போதும். ஆனால் ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டு வண்டியை ஓட்டினால், சில மாதத்தில் ஈரம் அதை ஊடுருவிவிடும். அதன் மேல் எனாமல் இரண்டு கோட்டாவது வேண்டும். உப்பில் ஓடும் வண்டிக்கு எபாக்சி பிரைமர் இதைவிட நன்றாகத் தாங்கும். இரண்டு டப்பாக்களாக வரும். அளவு பார்த்துக் கலந்து, சொன்ன நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். எபாக்சிக்கு வெயில் ஆகாது. சேஸிஸின் அடிப்பக்கம் வெயில் படாத இடம் என்பதால் அங்கே அது கவலையில்லை. வெயில் படும் இடத்தில் மேலே வேறு பெயின்ட் அடித்துவிடுங்கள்.

செதில் துருவுக்கு: முதலில் சுத்தியல், உளி, கிரைண்டரில் கம்பி பிரஷ் வைத்துத் தடித்த செதில் முழுவதையும் நீக்க வேண்டும். கழுவிக் காயவைத்த பிறகு குழிகளில் மிச்சமிருக்கும் துருவுக்குத்தான் "ரஸ்ட் கன்வெர்ட்டர்" எனப்படும் துருமாற்றி. இதில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். துருவோடு சேர்ந்து அதைக் கறுப்பான, அவ்வளவாகக் கரையாத பொருளாக மாற்றும். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகும் என்பது நம் ஊர்ச் சாயக்காரர்களுக்குப் பழைய செய்தி. காளஹஸ்திக் கலம்காரித் துணியின் கறுப்புக் கோடு அப்படித்தான் வருகிறது. டானிக் அமிலத் துருமாற்றி செய்வதும் அதே வேலைதான்.

துருமாற்றி விஷயத்தில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. தடித்த செதிலின் மேலேயே அதைப் பூசுவது முதல் தவறு. மேல்தோல் மட்டும் கறுக்கும், அடித்துரு அப்படியே இருக்கும். உப்பைக் கழுவாமல் பூசுவது இரண்டாவது. கறுப்புக்கு அடியில் மீண்டும் துரு கிளம்பும். கறுத்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவது மூன்றாவது. துருமாற்றி ஒரு பூச்சு அல்ல, பூச்சுக்கு முந்தைய வைத்தியம். டப்பாவில் எழுதியுள்ள நேரம் காய்ந்த பிறகு பிரைமரும் பெயின்டும் கட்டாயம் வேண்டும். உங்கள் துருமாற்றியின் மேல் எந்தப் பிரைமர் ஒட்டும் என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டை விழுந்த சட்டத்துக்கு: எந்த மருந்தும் இல்லை. பட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் அடிப்பது ஏமாற்று வேலை. அரித்த பகுதியை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டால் சரிசெய்ய வேண்டும். அல்லது சட்டத்தையே மாற்ற வேண்டும். சேஸிஸ் வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் கண்டபடி துளை போடுவதும் வெல்டிங் வைப்பதும் கூடாது என்பது லாரி பாடி கட்டுபவர்களின் பொது விதி; பாரத்தால் வரும் அழுத்தத்தை அதிகமாகத் தாங்குவது அந்த விளிம்புகள்தான். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.

துத்தநாகம் எங்கே பயன்படும்?

பாம்பனில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் இரும்புக்கு, முதலில் துத்தநாகத்தை உருக்கித் தெளித்து, அதன் மேல் எபாக்சி, அதற்கும் மேலே பாலிசிலாக்சேன் என்ற பூச்சு என அடுக்கடுக்காகப் பூசியிருக்கிறார்கள். துத்தநாகம் தான் அரிந்து இரும்பைக் காப்பாற்றும். ஆனால் அது கிடக்க வேண்டியது சுத்தமான வெற்று இரும்பின் மேல். ஜிங்க் ரிச் பிரைமரைத் துருவின் மேல் அடித்தால் காசு வீண்.

புதிதாக டிராக்டர் டிரெய்லரோ வண்டிக்குப் பின்பாடியோ கட்டப் போகிறீர்கள் என்றால், வெல்டிங், துளை எல்லாம் முடிந்த பிறகு சட்டத்தைச் சூடான துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் கால்வனைசிங் செய்ய முடியுமா என்று விசாரியுங்கள். முதலில் செலவு கூடும். ஏரிக்கரையில் அந்தச் செலவு திரும்பி வரும்.

படகு வைத்திருப்பவர்கள், "படகில் துத்தநாகக் கட்டி வைக்கிறோமே, வண்டியிலும் வைக்கலாமா?" என்று கேட்பதுண்டு. வைத்துப் பயனில்லை. கட்டியும் இரும்பும் ஒரே தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் அது வேலை செய்யும். வண்டி தண்ணீரில் மிதப்பதில்லை. பேட்டரியில் இணைத்தால் துரு பிடிக்காது என்று விற்கப்படும் மின்னணுக் கருவிகளுக்கும் இதே பதில்தான்.

கறுப்புப் பூச்சில் கவனம்

வண்டிக்கு அடியில் தார் போலவோ ரப்பர் போலவோ தடிமனாக அடிக்கும் கறுப்பு அண்டர்பாடி கோட்டிங் பார்க்க அழகாக இருக்கும். துருவே இல்லாத புது வண்டிக்கு அடித்தால் நல்லது. கல் தெறித்துப் பெயின்ட் உரிவதைத் தடுக்கும். ஏற்கெனவே உப்பும் துருவும் உள்ள சட்டத்தின் மேல் அடித்தால் அதுவே எதிரி. நாளானால் எங்காவது ஒரு கீறல் விழும். அந்த வழியாக உப்புநீர் உள்ளே போகும், வெளியே வராது. மேலே கறுப்பு மினுமினுக்க, அடியில் இரும்பு கரைந்துகொண்டிருக்கும். தட்டிப் பார்க்காதவரை தெரியாது. பழைய வண்டிக்கு இதை அடிப்பதாக இருந்தால், தேய்த்து, கழுவி, பிரைமர் அடித்த பிறகே அடியுங்கள்.

சட்டத்தின் உள்பக்கத்தை மறக்காதீர்கள்

சில வண்டிகளின் சேஸிஸ் ஒரு பக்கம் திறந்த வடிவில் இருக்கும். சிலவற்றில் நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவில் இருக்கும். பெட்டிச் சட்டம் உள்ளிருந்து அரிக்கும். பிரஷ் அங்கே போகாது.

அமெரிக்காவில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அங்கே டொயோட்டா பிக்கப் வண்டிகளின் சேஸிஸ் துருவால் அரிந்து ஓட்டை விழுவதாக வழக்குத் தொடர்ந்தார்கள். 2016-ல் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கு, 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. உப்பின் முன் எந்தப் பெரிய கம்பெனி வண்டியும் விலக்கல்ல.

உள்பக்கத்துக்கு ஏற்றது காய்ந்து இறுகாத மெழுகு அல்லது கெட்டி எண்ணெய் வகைப் பூச்சு. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் கலந்தவையும் உண்டு. நீண்ட குழாய் வைத்த ஸ்பிரேயால், சட்டத்தில் உள்ள துளைகள் வழியாக உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி அடிக்க வேண்டும். இது துருவின் இடுக்குகளுக்குள் ஊறிப் போய் ஈரத்தைத் தள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் அடிக்க வேண்டும்.

வரிசை முக்கியம். வெளியே பெயின்ட் வேலை முழுதும் முடிந்து காய்ந்த பிறகே உள்ளே எண்ணெய் அடிக்க வேண்டும். எண்ணெய் பட்ட இரும்பில் பெயின்ட் ஒட்டாது.

இவற்றைச் செய்யாதீர்கள்

பாத்ரூம் கழுவும் ஆசிட்டால் துருவை நீக்காதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு உடனே போவது போல இருக்கும். இடுக்கில் தங்கும் குளோரைடு ஒரு வாரத்தில் முன்பைவிட மோசமாகத் துருவைக் கொண்டுவரும்.

வேஸ்ட் ஆயிலை அடியில் அடிக்காதீர்கள். ரப்பர் புஷ்களையும் ஹோஸ்களையும் கெடுக்கும். கையில் பட்டால் தோலுக்குக் கேடு. சொட்டுவதெல்லாம் மழைநீரோடு ஏரிக்குப் போகும். அந்த ஏரியில்தான் நமக்கு இறாலும் நண்டும்.

பிரேக் டிரம், டிஸ்க், பிரேக் ஹோஸ், சைலன்சர், மரைகள் ஆகியவற்றின் மேல் எந்தப் பூச்சும் படக்கூடாது. காகிதம் சுற்றி மறைத்துவிடுங்கள். சட்டத்தின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

சேஸிஸ் நம்பர் குத்தியுள்ள இடத்தில் கிரைண்டர் வைக்கவே கூடாது. எண் அழிந்தாலோ தடித்த பூச்சில் மறைந்தாலோ எஃப்.சி.யின்போது பெரிய சிக்கல். அந்த இடத்தைக் கையால் மெதுவாகத் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் அல்லது கிரீஸ் தடவினால் போதும்.

எப்போது, எங்கே செய்வது?

பொங்கல் முடிந்து பனி குறைந்த பிறகு, சித்திரை வெயில் உச்சத்துக்குப் போகும் முன் செய்வது நல்லது. காசிமேட்டு மீனையும் சேர்த்து ஏற்றுபவர்களுக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான விசைப்படகுத் தடைக்காலத்தில் ஓட்டம் குறையும், அப்போதும் செய்யலாம். ஐப்பசி மழை தொடங்கும் முன் வேலை முடிந்திருக்க வேண்டும்.

கடலை ஒட்டிய குப்பங்களில் திறந்த வெளியில் பெயின்ட் அடிக்காதீர்கள். காலையில் தேய்த்த இரும்பில் மதியம் கடல்காற்று உப்பைப் படியவைத்துவிடும். பொன்னேரிப் பக்கம் உள்ளே தள்ளி, கூரை உள்ள பட்டறையில் செய்யுங்கள். கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, தேய்த்த அன்றைக்கே முதல் கோட் அடித்துவிட வேண்டும். காலைப் பனி ஈரம் போன பிறகு தொடங்குங்கள். கை வைக்க முடியாத அளவு இரும்பு சூடாக இருந்தாலும் அடிக்காதீர்கள். விளிம்புகளிலும் வெல்டிங் தையல்களிலும் பெயின்ட் மெலிந்துவிடும். அங்கே மட்டும் முதலில் பிரஷால் ஒரு கோட் இழுத்துவிட்டு, பிறகு முழுச் சட்டத்துக்கும் அடியுங்கள். கிரைண்டர் பிடிக்கும்போது கண்ணாடியும், அமிலம் தொடும்போது கையுறையும் அவசியம்.

பூச்சைவிட மலிவான இரண்டு வழிகள்

முதலாவது, ஐஸ் பெட்டியின் தண்ணீருக்கு ஒரு வழி செய்வது. பெட்டியின் வடிகாலில் ஒரு ஹோஸ் மாட்டி, சேஸிஸுக்கு வெளியே தனியாக ஒரு கேனில் போய் விழும்படி கட்டுங்கள். பெட்டிக்கு அடியில் ஓட்டையில்லாத தார்ப்பாய் விரித்து, அதன் ஓரத்தை மடித்துவிடுங்கள். சில மீட்டர் ஹோஸ் செய்யும் இந்த வேலையை எந்தப் பெயின்டும் செய்யாது.

இரண்டாவது, கழுவுவது. மீன் ஏற்றிய நாளில் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். முடியாதவர்கள் வாரம் ஒருமுறையாவது வாட்டர் சர்வீஸில் விடுங்கள். ஏரித் தண்ணீரில் கழுவினால் துருவுக்குத் தீனி போட்டது போல. ஏரிக்கரைக் கிராமங்களில் பல போர் தண்ணீரும் உவர்ப்புதான். வாயில் வைத்துக் கரிக்கும் தண்ணீர் இரும்பையும் கரிக்கும். வேறு வழியில்லை என்றால் அழுக்கை அதில் கழுவிவிட்டு, கடைசியாக ஒரு முறையாவது நல்ல தண்ணீரால் அலசுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வந்தது போல வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால், தண்ணீர் வடிந்ததும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும். சட்டத்தின் துளைகள் வழியாக உள்ளேயும் பீய்ச்சுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா?

அடியில் புதிதாகக் கறுப்பு அடித்த வண்டி என்றால் சந்தேகப்படுங்கள். விற்பவர் அனுமதியோடு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். பட்டி வைத்து அடைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. கைப்பேசியின் டார்ச்சைத் துளையில் காட்டி உள்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே செதில் குவிந்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள். சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். இன்று மறைத்து விற்ற துரு, நாளை உங்கள் எஃப்.சி. செலவாக வந்து நிற்கும்.

சுருக்கமாக

தட்டிப் பார்த்து நிலையை அறியுங்கள். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். மேல் துருவுக்குத் தேய்த்து எபாக்சி, செதில் துருவுக்குத் தட்டி எடுத்து, துருமாற்றி, பிறகு பிரைமரும் பெயின்டும், ஓட்டைக்கு வெல்டிங். பெட்டிச் சட்டத்தின் உள்ளே மெழுகு அல்லது எண்ணெய். தடித்த கறுப்புப் பூச்சு சுத்தமான இரும்புக்கு மட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், மீண்டும் அடியில் போய்ப் பாருங்கள். உரிந்த இடத்தை அன்றே சரிசெய்தால் உள்ளங்கை அளவு வேலை. இரண்டு மழைக்காலம் விட்டுவிட்டால் சேஸிஸ் அளவு வேலை.